அதே கோலம்தானா?

ஓர் உருவத்தை அப்படியே நகர்த்தி வேறிடத்தில் வைக்கலாம். ஒரு புள்ளியை அச்சாகக் கொண்டு திருப்பலாம். ஒரு கோட்டைக் கண்ணாடியாக நினைத்து மறுபுறம் அதன் பிம்பத்தைப் போடலாம். வடிவியலில் இவை உருமாற்றங்கள். பள்ளிக் கணக்கில் இவற்றை முறையே இடப்பெயர்வு, சுழற்சி, எதிரொளிப்பு என்பார்கள். மூன்றிலும் நீளமும் கோணமும் இம்மியும் மாறுவதில்லை. நான்காவதாக, உருவத்தைச் சீராகப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் உண்டு. அதில் நீளம் மாறும், கோணம் மாறாது.

இவ்வளவையும் கால் மணி நேரத்தில் ஒரு குழந்தைக்குச் சொல்லிவிடலாம். ‘இந்தப் படத்தில் நடந்திருப்பது எது?’ என்று கேட்டால் நான்கில் ஒன்றைச் சொல்லி மதிப்பெண்ணும் வாங்கிவிடும். பாடம் மட்டும் தொடங்கியிருக்காது. இடம் மாறி, திரும்பி, புரண்டுபோன ஒன்றை இன்னும் ‘அதே உருவம்’ என்று எந்த உரிமையில் சொல்வது? எதை மாறாததாகப் பிடித்துக்கொண்டால் ‘அதே’ என்ற பேச்சு செல்லுபடியாகும்? தத்துவத்தில் இது மிகப் பழைய கேள்வி. உடம்பும் எண்ணமும் நாளுக்கு நாள் மாறும்போது ஆள் மட்டும் எப்படி அதே ஆள் என்று பௌத்தரும் சைவரும் வேதாந்திகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தமிழில் கூர்மையாக நடத்தியவர்களில் முக்கியமான சிலர் இன்றைய கடலூர் மாவட்டத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அதே மாவட்டத்துக் குழந்தைக்கு அந்தக் கேள்வி வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. இந்தப் பக்கத்து வாசல்களில் சாணம் தெளித்துப் போடும் கோலத்துக்குப் புள்ளிக்கணக்கு உண்டு. ‘ஏழு புள்ளி, ஏழு வரிசை, நேர்ப்புள்ளி’ என்றால் 49 புள்ளிகள் சதுரமாக நிற்கும். ‘ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி’ என்றால் நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று இறங்கி மொத்தம் 37 புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். இடைப்புள்ளி வைக்கும் கை, ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளியை இறக்கும். அதோடு வரிசை இடைவெளியையும் கொஞ்சம் நெருக்கிக்கொள்ளும். புள்ளிக்குப் புள்ளி 10 சென்டிமீட்டர் என்றால் வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 8.7 சென்டிமீட்டர் இருந்தால்தான் அறுகோணம் ஒழுங்காக அமையும். எந்தப் பெண்ணும் அளவுகோல் வைத்து இதைப் பார்ப்பதில்லை. கண் பழகியிருக்கிறது.

இந்த இரண்டு புள்ளி அமைப்புகளையும் மெல்லிய தாளில் படியெடுத்து, நடுப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தித் தாளைத் திருப்பச் சொன்னால், சுழற்சிப் பாடம் பாதி முடிந்தது. நேர்ப்புள்ளித் தாள் கால் சுற்று திரும்பியதும் ஒவ்வொரு புள்ளியும் வேறொரு புள்ளியின் மேல் போய் உட்காரும். இடைப்புள்ளித் தாளுக்கு ஆறில் ஒரு சுற்று போதும். திரும்பி முடிந்தபின் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். இந்த ‘ஒன்றுமே நடக்காததுபோல’ என்பதைத்தான் கணிதம் சமச்சீர் என்கிறது. இப்போது ஓரத்துப் புள்ளி ஒன்றின்மேல் குங்குமத்தை வைத்துவிட்டுத் திருப்பினால் நகர்ந்தது தெரிந்துவிடும். குங்குமம் வைக்காதபோதும் தாள் நகரத்தானே செய்தது? எந்த அடையாளத்தாலும் காட்ட முடியாத நகர்வை நகர்வு என்று சொல்லலாமா? எட்டு வயதுக் குழந்தை இதற்குச் சளைக்காமல் பதில் சொல்லும். பெரியவர்கள்தான் திணறியிருக்கிறார்கள்.

1715, 1716ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸும் நியூட்டனின் பக்கம் நின்ற ஆங்கிலப் பாதிரியார் சாமுவேல் கிளார்க்கும் கடிதங்களில் மோதிக்கொண்டது இதே கேள்வியின்மேல்தான். கடவுள் உலகம் முழுவதையும், உள்ளிருக்கும் பொருள்களின் இடைவெளிகள் மாறாதபடி, சற்றுத் தள்ளி வைத்திருந்தால், அல்லது கிழக்கை மேற்காக மாற்றி அமைத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு வித்தியாசமும் இராது, ஆகவே அவை இரண்டு உலகங்களே அல்ல, வெளி என்பது பொருள்களுக்கிடையிலான உறவு மட்டுமே என்றார் லைப்னிட்ஸ். காரணமில்லாமல் கடவுள் எதையும் செய்யமாட்டார், இங்கே வைக்காமல் அங்கே வைக்கக் காரணமே இருக்க முடியாது என்பது அவர் வாதம். கிளார்க் ஒப்பவில்லை. வெளி தனியே இருக்கிறது, வைப்பது கடவுளின் விருப்பம், அந்த விருப்பமே காரணம் என்றார். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறந்ததோடு கடிதங்கள் நின்றன, வாதம் நிற்கவில்லை. இறையியல் சண்டையாகத் தொடங்கிய ஒன்றுக்குள் இடப்பெயர்வும் எதிரொளிப்பும் உட்கார்ந்திருப்பதைக் கணக்குப் புத்தகங்கள் சொல்வதில்லை. சொன்னால் அந்த அத்தியாயத்துக்குக் கொஞ்சம் உப்பு சேரும்.

கோலத்துக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. நோட்டில் கோலம் வரையும் குழந்தை நோட்டைத் திருப்பித் திருப்பி வரையும். வாசலில் மண்ணைத் திருப்ப முடியாது. ஒரு பக்கத்து இதழைப் போட்டுவிட்டு, கோலம் போடுகிறவர் எழுந்து அடுத்த பக்கம் போய்க் குனிந்து அதே இதழை மறுபடி போடுகிறார். கைக்கு அசைவு ஒன்றேதான், உடம்புதான் சுற்றி வருகிறது. தாளைத் திருப்பினாலும் ஆள் சுற்றினாலும் கோலம் ஒன்றுதான் என்று குழந்தை தானே கண்டுகொள்ளும்போது, சுழற்சி என்பது இரண்டு பொருள்களுக்கு இடையிலான ஒன்று என்பதும் விளங்கிவிடும். மனத்துக்குள்ளும் இப்படி ஒரு சுற்று நடப்பதை உளவியலாளர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இரண்டு உருவங்கள் ஒன்றுதானா என்று சொல்ல ஆட்கள் எடுத்துக்கொண்ட நேரம், ஒன்று மற்றதிலிருந்து எவ்வளவு திரும்பியிருந்ததோ அந்த அளவுக்குச் சீராகக் கூடிக்கொண்டே போயிற்று.

சிக்குக் கோலம் ஒரு படி மேலே போகிறது. புள்ளிகளை வளைத்துக்கொண்டு ஓடும் கம்பி, நாலு பக்கமும் ஒன்றுபோலத் திரும்பும் சிக்குக் கோலங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கண்ணாடியில் பார்த்தால் சுழிப்பு எதிர்த்திசையில் போகும். சுழற்சிச் சமச்சீர் இருக்கும், எதிரொளிப்புச் சமச்சீர் இருக்காது. இரண்டும் வெவ்வேறு என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பாடநூலில் தேட வேண்டியதில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974இல் கோலங்களுக்கு இலக்கண விதிகள் வகுத்து எழுதிய ஆய்வு, கணினி அறிவியலில் படங்களை விதிகளால் உண்டாக்கும் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு சிறு துண்டு, அதைத் திருப்பவும் ஒட்டவும் சில விதிகள், அதிலிருந்து கோலக் குடும்பம் முழுவதும்: வாசலில் கை செய்வதைத்தான் விதிகள் சொல்கின்றன.

கோல நோட்டிலிருந்து வாசலுக்குக் கோலம் போகும்போது ‘அதே’ என்ற பேச்சு மறுபடி சோதனைக்கு வருகிறது. நோட்டில் உள்ளங்கை அகலம் இருந்தது வாசலில் ஆறடி. பக்க அளவைக் கேட்டால் இது வேறு. கோணத்தைக் கேட்டால் அதே. பத்து வயதுச் சிறுமி போட்டால் கம்பி கோணல்மாணலாகப் போகும், இழைக்கு இழை தடிமனும் மாறும். நீளம் போயிற்று, கோணமும் போயிற்று. ஆனால் கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றியபின் எதைச் சுற்றுகிறது, எங்கே தன்னைத் தானே வெட்டுகிறது என்பது பிசகவில்லை என்றால் பாட்டி ‘அதே கோலம்தான்டி, கை இன்னும் பழகணும்’ என்பார். பாட்டி சொன்னது சரி. ஒவ்வொரு நிலையிலும் மாறாததாகப் பிடித்துக்கொண்டது வேறு: முதலில் நீளம், பிறகு கோணம், கடைசியில் பின்னலின் ஒழுங்கு மட்டும். முதல் நிலையில் உருவங்கள் சர்வசமம், இரண்டாவதில் வடிவொத்தவை, மூன்றாவது இடத்தியல் என்ற தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

இப்படி அடுக்கிப் பார்க்கலாம் என்று சொன்னவர் பெலிக்ஸ் கிளைன். 1872 அக்டோபரில், 23 வயதில், ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தபோது வெளியிட்ட சிறு நூலில், எந்த உருமாற்றங்களை அனுமதிக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் வடிவியல் என்பது அவற்றின்கீழ் மாறாதவற்றைப் படிப்பதுதான் என்றார். அதன்பிறகு வடிவியல் ஒன்றல்ல, பல. ‘இவை இரண்டும் ஒன்றா?’ என்ற கேள்விக்கு ‘எந்த மாற்றத்தைப் பொறுத்து?’ என்று எதிர்க்கேள்வி கேட்டாக வேண்டும்.

அதே 1872இல், சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று, காடாம்புலியூருக்குத் தெற்கே உள்ள வடலூரில் இராமலிங்க வள்ளலாரின் சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. சபை எண்கோண வடிவம். உள்ளே விளக்கு, அதன்முன் கண்ணாடி, அதை மறைத்து ஏழு நிறத் திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஒவ்வொன்றாக விலகியபின் ஒளி தெரியும். ஒரே ஆண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு எர்லாங்கனுக்கும் வடலூருக்கும் முடிச்சுப் போடத் தோன்றும். தேவையில்லை, தற்செயல்தான். ஆனால் எண்கோணம் குழந்தையின் கைக்கு நல்ல பொருள். ஒழுங்கு எண்கோணம் ஒன்றை அட்டையில் வெட்டி, அதன் பள்ளத்திலேயே எத்தனை விதமாகத் திரும்ப வைக்கலாம் என்று எண்ணச் சொல்லலாம். திருப்பி வைக்க எட்டு வழி, புரட்டி வைக்க எட்டு வழி, ஆக 16. எட்டில் ஒன்று, திருப்பாமலே வைப்பது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதில் குழந்தைகள் தயங்குவார்கள், தயங்குவது நியாயம். இப்போது ஒரே ஒரு பக்கத்தின் நடுவில் வாசல் வரைந்தால் 16 சட்டென்று இரண்டாகிவிடும்: அப்படியே வைப்பது, வாசலின் நடுக்கோட்டில் புரட்டுவது. ஓர் அடையாளம் வந்ததும் பதினான்கு போயிற்று.

கண்ணாடியும் விளக்கும் வகுப்பறைக்குள் வரலாம். இரண்டு சிறு கண்ணாடிகளை ஓரத்தில் ஒட்டுநாடாவால் இணைத்துப் புத்தகம்போலத் திறந்து, 45 பாகையில் நிறுத்தி, நடுவில் ஓர் அகல் விளக்கை வைத்தால், உண்மைச் சுடரோடு சேர்த்து எட்டுச் சுடர்கள் எண்கோணமாக நிற்கும். விளக்கை எடுத்துவிட்டு ‘ட’ எழுதிய சீட்டை வைத்தால் இன்னொன்று தெரியும். எட்டில் நாலு சீட்டில் ‘ட’ சரியாக இருக்கும், நாலில் இடவலம் மாறியிருக்கும், அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றாக. ஒரு கண்ணாடியில் விழுந்தது மற்றதில் மறுபடி விழும்போது புரண்டது நிமிர்ந்துவிடுகிறது. இரண்டு எதிரொளிப்புகள் சேர்ந்தால் ஒரு சுழற்சி, அதுவும் கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட கோணத்தைப்போல் இரு மடங்கு. மூன்று உருமாற்றங்களில் எதிரொளிப்புதான் அடிப்படை, மற்றவை அதிலிருந்து பிறப்பவை என்பதைப் பெரிய வகுப்பில் நிறுவுவார்கள். சின்ன வகுப்பில் பார்த்துவிட்டால் போதும்.

அடிப்படையாக இருப்பதோடு விசித்திரமானதும் அதுவே. தாளில் கிடக்கும் ‘ட’ அட்டையை மேசைமேல் எவ்வளவு நகர்த்தினாலும் திருப்பினாலும் அதன் கண்ணாடி வடிவமாக ஆக்க முடியாது. கையில் எடுத்துப் புரட்டினால்தான் முடியும், அதாவது தளத்தைவிட்டு வெளியே வர வேண்டும். கிருஷ்ண ஜெயந்தியன்று மாவுக் கரைசலில் முஷ்டியின் ஓரத்தைத் தோய்த்து வாசலிலிருந்து பூஜை அறைவரை குட்டிப் பாதங்கள் பதிக்கும் வீடுகளில் இதைக் கையாலேயே பார்க்கலாம். ஒரு பாதத்துக்கு வலக்கை, அடுத்ததற்கு இடக்கை. ஒரே கையால் இரண்டையும் பதித்துவிட்டு விரல்களைத் தொட்டுவைத்தால் கண்ணன் நொண்டிக்கொண்டு வந்தவன்போல் ஆகிவிடும். இடவலம் மாறி மாறி முன்னேறும் அந்தத் தடங்களில் இடப்பெயர்வும் எதிரொளிப்பும் ஒரே அடியில் சேர்ந்து நடக்கின்றன.

முப்பரிமாணத்தில் வலம்புரிச் சங்கு இருக்கிறது. இடம்புரிச் சங்கை எப்படிப் புரட்டினாலும் அது வலம்புரி ஆகாது. அரிதாகக் கிடைப்பதால் வழிபாட்டுப் பொருளான வலம்புரியை விலங்கியலார் இடச்சுழி என்கிறார்கள். சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறை வேறு, அவ்வளவுதான். எதற்கு ‘வலம்’ என்று பேர் வைப்பது என்பது வழக்கம். இரண்டும் வேறு என்பது வழக்கம் அல்ல. இம்மானுவேல் கான்ட் 1768இல் எழுதிய சிறு கட்டுரை இதைத்தான் பிடித்துக்கொண்டது. இடக்கையின் பாகங்களுக்கு இடையிலான எல்லாத் தூரங்களும் வலக்கையிலும் அப்படியே இருக்கின்றன, இருந்தும் ஒன்றின் உறையில் மற்றது நுழையாது. வெளி என்பது பொருள்களுக்கு இடையிலான உறவு மட்டுமே என்ற லைப்னிட்ஸின் கொள்கை இதை விளக்கப் போதாது என்பது கான்ட்டின் முடிவு. 1827இல் கணித அறிஞர் மோபியஸ் இன்னொன்றைக் கவனித்தார். மேசையிலிருந்து எடுத்து ‘ட’வைப் புரட்டியதுபோல, நான்காவது பரிமாணம் ஒன்று இருந்தால் வலம்புரியையும் புரட்டிவிடலாம்.

சிதம்பரத்தில் நடராசர் தூக்கிய பாதம் இடது. மதுரை வெள்ளியம்பலத்தில் தூக்கியது வலது. பாண்டியனுக்காகக் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. இது எதிரொளிப்பா என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். ஆம் என்று வரும் முதல் பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிதம்பர மூர்த்தியைக் கண்ணாடியில் பார்த்தால் கால் மட்டும் மாறாது. வலக்கை உடுக்கை இடக்கைக்கும் இடக்கைத் தீ வலக்கைக்கும் போகும், அபயக் கை இடப்பக்கம் வரும். கதையில் மாறியது கால். அந்தக் கதையில் எதிரொளிப்பின் ஒரு பகுதி இருக்கிறது, முழுமை இல்லை. தெய்வ உருவத்தில் கணிதத்தைத் தேடும்போது இப்படி நுணுகிப் பார்ப்பதே மரியாதை. ‘எல்லாம் அன்றே தெரிந்திருந்தது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது கலைக்கும் கணக்குக்கும் இரண்டுக்கும் குறைவு.

சிதம்பரம் தேர் இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. பெரும்பாலான கோயில்களில் மூலவர் கருவறையைவிட்டு வருவதில்லை, உற்சவர் வருகிறார். இருவரும் ஒருவரே என்பது வழிபாட்டின் கொள்கை. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தேரேறுகிறார். வடிவியல் மொழியில் சொன்னால் முதலாவது ஒரு படி, இரண்டாவது நகர்த்தப்பட்ட அசல். கீழவீதியில் தெற்கு நோக்கிப் புறப்படும் தேர் முக்கில் முட்டுக்கட்டையின் உதவியோடு அங்குலம் அங்குலமாகத் திரும்பித் தெற்குவீதியில் மேற்கு நோக்குகிறது. பிறகு மேலவீதி, வடக்குவீதி, மறுபடி நிலை. வீதிகளில் இடப்பெயர்வு, முக்குகளில் கால் சுற்று. நாலு முக்கும் திரும்பினால் ஒரு முழுச் சுற்று. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிடும் கணிதத்துக்கு இது எதுவும் மாறாத உருமாற்றம், எண்கோண அட்டையைத் திருப்பாமலே வைத்ததற்குச் சமம். உருமாற்றத்துக்குப் பயணம் கிடையாது, இந்தப் புள்ளிக்கு அந்தப் புள்ளி என்ற இணைப்பு மட்டுமே உண்டு. திருவிழாவுக்கோ பயணம்தான் எல்லாம். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாததால்தான் ‘360 பாகை திருப்புவதும் திருப்பாமல் இருப்பதும் ஒன்று’ என்ற வரியைக் குழந்தைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அசலா, படியா என்ற ஐயம் யூக்ளிடையும் விடவில்லை. முதல் நூலின் நான்காம் தேற்றத்தில் அவர் ஒரு முக்கோணத்தை எடுத்து மற்றொன்றின்மேல் பொருத்துகிறார். வடிவியலில் எதையும் ‘எடுக்க’ முடியுமா? நகரும்போது அது மாறவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? வடிவியலுக்குள் அசைவைக் கொண்டுவந்த இப்னு அல்ஹைதமை உமர் கய்யாம் கண்டித்தார். 1899இல் கணித அறிஞர் ஹில்பர்ட் அசைவையே தவிர்த்துவிட்டு, சர்வசமத்தை அடிக்கோள்களில் வைத்தார்.

இந்த ஐயத்துக்குச் சமயத்தில் நிகரான இடம் காரணகாரிய வாதம். திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகள் உட்படப் பல மதங்களை எடுத்து மறுக்கிறார். அவருடைய ஆசிரியர் மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்தவர். அருணந்தியின் வழியில் வந்த உமாபதி சிவாசாரியார் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். கணந்தோறும் பொருள் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது, அதே பொருள் என்பது தொடர்ச்சியால் வரும் மயக்கம் என்பது பௌத்தர் கட்சி. அப்படியென்றால் நேற்றுப் பார்த்ததை இன்று நினைவுகூர்வது யார் என்பது சைவர் கேள்வி. பால் தயிராவதுபோலப் பொருள் உண்மையாகவே மாறுகிறது என்பது சாங்கியரின் பரிணாமம். கயிறு பாம்பாகத் தோன்றுவதுபோல மாற்றமே தோற்றம் என்பது மாயாவாதியரின் விவர்த்தம். சைவ சித்தாந்தம் சுத்த மாயையின் விரிவுக்குச் சொல்லும் உவமை வேறு: படம் குடிலானதுபோல. விரித்துக் கிடந்த துணியைக் கூடாரமாக நிறுத்தினால் வடிவம் வந்துவிட்டது, துணி துணியாகவே இருக்கிறது.

இந்த மூன்று உவமைகளில் வடிவியல் ஆசிரியர் கையில் எடுக்கத்தக்கது இதுதான். துணியில் இரண்டு புள்ளிகளை மையால் வைத்து, விரித்த நிலையில் அவற்றுக்கு இடையே ஒரு நூலைப் பதித்து அளந்துகொள்ள வேண்டும். கூடாரமானபின் துணியை ஒட்டியே அளந்தால் நீளம் அதே, காற்றில் நேராக அளந்தால் குறைவு. துணிமேல் ஊரும் எறும்புக்கு எதுவும் மாறவில்லை. வெளியே நிற்பவருக்கு எல்லாம் மாறிவிட்டது. வளைத்தாலும் மாறாதவை எவை என்பது குறித்து 1827இல் கணித அறிஞர் காஸ் எழுதிய ஆய்வு பரப்புகளின் வடிவியலுக்கு அடித்தளமாயிற்று. ‘அதே’ என்பது அளப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது என்று ஒரு பழைய துணியும் நூலும் காட்டிவிடும்.

இதற்கு மேல் உவமையை நீட்டக் கூடாது. சுத்த மாயை துணியல்ல, சித்தாந்தத்தின் உயிரும் உருவமல்ல. சார்ந்ததன் வண்ணமாதல் என்று உயிருக்குச் சொல்லும் இயல்பு, அருகே வைத்த நிறத்தைக் காட்டும் பளிங்கின் இயல்பு; எந்த உருமாற்றத்தின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. வடிவியல் மாறாததைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது: நீளத்தை எடுத்துக்கொள், வேண்டாமென்றால் கோணத்தை எடுத்துக்கொள். சமயமோ மாறாதது ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒன்றால் மற்றதை நிரூபிக்கப் பார்த்தால் வகுப்பில் இரண்டும் கெடும். எல்லாச் சமயக் குழந்தைகளும் உட்காரும் அரசுப் பள்ளியில் கோலமும் தேரும் எடுத்துக்காட்டாக வரும்போது, இசுலாமியக் கட்டடங்களின் விண்மீன் பின்னலும் தேவாலயச் சாளரத்தின் வட்ட ரோஜாவும் அதே பலகையில் வருவதற்கு நியாயம் இருக்கிறது. கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றே.

வரிசை முறை பற்றி ஒன்று. பாடநூல்கள் இடப்பெயர்வில் தொடங்குவது, சொல்ல எளிது என்பதால். குழந்தைக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மடித்த தாளில் மைத்துளி விழுந்து இரண்டாவது, புள்ளித்தாள் திரும்பித் தன்மேலேயே பொருந்துவது, இவற்றில் தொடங்கி இடப்பெயர்வுக்கு வருவது மேல். எழுத்துப் பழகும் வயதில் ஆங்கிலத்தின் சிறிய ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதும் குழந்தையைத் திட்டுவதற்கு முன், நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதான் என்று கற்றுக்கொண்ட அதே மூளைதான் இங்கே தடுமாறுகிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். தமிழில் ‘ப’ நடுக்கோட்டில் மடங்கும். மூன்று புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் ‘ஃ’ மூன்று வழியில் திரும்பும், மூன்று வழியில் மடங்கும். இரண்டு கைகளும் சம நீளமாக இல்லாதவரை ‘ட’ எதற்கும் மசியாது, அதனால்தான் சோதனைக்கு அது தோதான எழுத்து.

கடைசியாக இரண்டு உருமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்வது. ‘ட’ அட்டையை வலப்பக்கம் கால் சுற்று திருப்பிவிட்டு இடவலமாகப் புரட்டினால் அதன் இரண்டு கைகளில் ஒன்று இடப்பக்கமும் மற்றது கீழும் நீளும். முதலில் புரட்டிவிட்டுப் பிறகு அதே கால் சுற்றைத் திருப்பினால் ஒன்று வலப்பக்கமும் மற்றது மேலும் நீளும். கூட்டலில் மூன்றும் ஐந்தும் ஐந்தும் மூன்றும் ஒன்றே என்று பழகிய குழந்தைக்கு, முன்பின் மாற்றினால் விடை மாறும் கணக்கு இது. இரண்டு இடப்பெயர்வுகளை மாற்றிச் செய்தால் விடை மாறாது, ஒரே மையத்தில் இரண்டு சுழற்சிகளுக்கும் மாறாது. எதிரொளிப்பு ஒன்று நடுவில் வந்தால் பெரும்பாலும் மாறும். மேல் வகுப்பில் ஆயத்தொலைகளும் அணிகளும் வரும்போது, அணிகளைப் பெருக்குவதில் வரிசை ஏன் முக்கியம் என்று எழும் கேள்விக்குப் பதில் இந்த அட்டைதான்.